கேட்டுக்கு அடியில் பத்தடிக் கம்பி

வானகரத்தில் பைபாஸ் ஓரமாகப் போகும்போது கிடங்கு மதில்மேல் மின்வேலி கண்ணில் பட்டால், கேட் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். லாரி நுழைய வேண்டுமே! கம்பி அங்கே மண்ணுக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறியிருக்கலாம். தோட்டத்து வேலிக்கும் டிராக்டர் வழியில் இதே ஏற்பாடுதான். பெரும்பாலும் வேலி பழுதாவதும் இந்தப் பத்தடியில்தான்.

ஏன் என்று புரிய, வேலி எப்படி அடிக்கிறது என்று தெரிய வேண்டும். எனர்ஜைசர் என்ற பெட்டி, நொடிக்கு ஒரு தடவை சில ஆயிரம் வோல்ட்டைக் கம்பியில் தட்டிவிடும். அந்தத் துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. கம்பியைத் தொட்ட மாட்டின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் ராடு வழியே பெட்டிக்குத் திரும்பும். மாடு வெடுக்கென்று விலகிவிடும். அடுத்த துடிப்பு வருவதற்குள் விலக அதற்கு நேரம் இருக்கிறது.

மண்தான் கரண்ட் திரும்பும் பாதை. புதைத்த கம்பி மண்ணில் கசிந்தால், கரண்ட் மாட்டைத் தொடாமலே வீடு திரும்பிவிடும். அதற்கு அப்பாலுள்ள வேலி வெறும் கம்பிதான்.

வீட்டு வயரைப் புதைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதில் 1100 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும். வெயில் காலத்தில் ஓடும். மழை இறங்கியதும் கசியும். மின்வேலிக்கென்றே இரட்டை உறை போட்ட கேபிள் விற்கிறது. அதையே வாங்குங்கள். ஒன்றரை அடிப் பள்ளத்தில், கெட்டியான பிவிசி பைப்புக்குள், நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். பைப்பின் இரு முனைகளையும் தரைக்கு மேலே தூக்கி, கைத்தடிப் பிடிபோலக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழைநீர் புகாது. எர்த் கம்பியும் கேட்டைக் கடக்கிறதென்றால் அதற்குத் தனிப் பைப் போடுவது நல்லது.

இவ்வளவும் எனர்ஜைசர் வேலிக்கு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை நேராக வேலிக்குக் கொடுத்தால், அது விட்டுவிட்டு வராது. தொட்டால் தசை இறுகும், கை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் செத்துக் கிடந்தன. உடன் வந்த 2 குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் விதிகள் கொண்டுவந்தது.

பன்றித் தொல்லை எவ்வளவு இருந்தாலும், வேலிக் கம்பியை நேராக ஈபி லைனில் மாட்டாதீர்கள்.