ஹெலிகாப்டரும் அதன் குத்தகையும்

ஆலங்காயத்தைச் சூழ்ந்த ஊர்களில் குத்தகை என்னும் சொல்லின் பொருளை அறியாதார் இலர். புளி பழுப்பதற்கு முன்னரே மரத்தைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி, காய்ப்புக் குன்றினும் பேசிய தொகையைக் கொடுத்தே தீரவேண்டும். நெல் அறுக்கும் யந்திரத்தை வைத்திருப்பவரோ, ஓட்டுநரையும் எண்ணெயையும் தாமே கொண்டுவந்து, ஓடிய மணிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார். மழை பெய்து யந்திரம் வரப்போரம் நின்றுவிடின் நஷ்டம் அவருடையதே. இவ்விருவகைப் பேரங்களையும் மனத்திற் கொண்டால், பல கோடி ரூபாய் விலையுள்ள ஹெலிகாப்டர்கள் உலகெங்கும் குத்தகைக்கு விடப்படும் முறை எளிதில் விளங்கும். சும்மா நிற்கும் யந்திரத்தின் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியே அங்கும் பேரத்தின் உயிர்நிலை.

1946 ஆம் ஆண்டு மார்ச்சு 8 ஆம் நாள் அமெரிக்க நாட்டிலே 'பெல் 47' என்னும் யந்திரம் பொதுமக்கள் உபயோகத்திற்கு அனுமதிச் சான்று பெற்றது. அன்று தொடங்கியது இத்தொழில் எனலாம். விமானம் இறங்குவதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கோ ஒரு களத்துமேடு போதும். ஆயினும் இவ்வசதிக்குக் கொடுக்கும் விலை பெரிது. அதன் சுழல் இறகுகளும் பற்சக்கரப் பெட்டியும் இத்தனை மணி பறந்தபின் பிரித்துச் செப்பனிடப்பட வேண்டும் என்றோ, பழுது தோன்றாவிடினும் கழற்றி எறியப்பட வேண்டும் என்றோ விதி உண்டு. கடற்காற்றின் உப்பு வேறு உலோகத்தை அரிக்கும். ஆதலின் பறவாத நாளிலும் வட்டியும் இன்சூரன்சும் விமானியின் சம்பளமும் பழுதுபார்ப்போர் ஊதியமும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

குத்தகை இருவகைப்படும். யந்திரத்தை மட்டும் பல்லாண்டுகளுக்கு விட்டு, விமானி, பராமரிப்பு, இன்சூரன்சு ஆகிய யாவற்றையும் எடுப்பவர் தலையில் வைப்பது 'உலர் குத்தகை' எனப்படும். விமானியோடும் பழுதுபார்ப்போரோடும் சேர்த்து விடுவது 'ஈரக் குத்தகை'. நம் ஊர் அறுவடை யந்திரத்தின் வாடகை இப்பின்னதற்கு இனமானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஹெலிகாப்டரை நீண்டகாலம் அமர்த்துவோர் பறந்த மணிக்குரிய கூலியோடு, பறந்தாலும் பறவாவிட்டாலும் கொடுக்கவேண்டிய நிலையான மாதத் தொகை ஒன்றையும் பெரும்பாலும் கொடுக்கின்றனர். அத்தொகை காத்திருப்பதற்கான கூலி. எந்தத் தொழில் இக்கூலியைக் கொடுக்க வல்லதோ அத்தொழிலை நாடியே யந்திரங்கள் செல்கின்றன.

அங்ஙனம் கொடுக்க வல்லவற்றுள் தலையாயது கடலடி எண்ணெய்த் தொழில். பம்பாய்க் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் 1974 இல் பம்பாய் ஹை எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நடுக்கடல் மேடைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வேலையை முதன்மையாகக் கருதியே 1985 இல் நம் அரசாங்கம் 'பவன் ஹன்ஸ்' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற ஹெலிகாப்டர் நிறுவனத்தை அமைத்தது. பிரெஞ்சு நாட்டு டாபின் யந்திரங்கள் வாங்கப்பட்டன. அவற்றுடன் பிரிட்டிஷ் அரசாங்கம் அளித்த 6.5 கோடி பவுன் உதவி நிதியைக்கொண்டு 21 வெஸ்ட்லாண்டு 30 யந்திரங்களும் வந்தன. நன்கொடையாக வந்தது இலாபமே என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. 1988 இலும் 1989 இலும் விபத்துக்கள் நேர்ந்து உயிர்ச்சேதம் விளைந்தது; 1991 இல் வெஸ்ட்லாண்டுகள் அனைத்தும் பறப்பதினின்று நிறுத்தப்பட்டன. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தபின், வாங்கிய விலையில் ஒரு சிறு பங்கிற்கே அவை விற்கப்பட்டன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். இங்கே பார்த்திருக்க வேண்டும் என்பதே எம் கருத்து. குத்தகைக்கு எடுத்த யந்திரமாயின், ஒப்பந்தம் முடிந்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை நாடியிருக்கலாம். வேண்டாத யந்திரம் விட்டவரிடமே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் விட்டவரும் கொழுத்துத்தான் போகிறார் என்று கருதுதல் தவறு. ஹெலிகாப்டர்களை மட்டுமே குத்தகைக்கு விடும் 'மைல்ஸ்டோன்' என்னும் நிறுவனம் 2010 இல் தோன்றி, எண்ணெய்த் தொழிலின் செழிப்பால் விரைந்து வளர்ந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் விமானக் குத்தகைப் பிரிவு 177 கோடி டாலருக்கு மேல் விலைபேசி அதனை வாங்குவதாக 2014 இல் அறிவித்தது. அவ்வாண்டின் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழிறங்கிற்று. எண்ணெய்க் கம்பெனிகள் பறத்தலைக் குறைத்தன. கனடா நாட்டிற் பெயர்பெற்ற சி.எச்.சி. நிறுவனம் 2016 மே மாதத்தில் திவால் பாதுகாப்பை நாடி, குத்தகைக்கு எடுத்திருந்த யந்திரங்களிற் பலவற்றை உரியவரிடமே திருப்பிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 29 இல், நார்வே நாட்டில் எச்225 வகை யந்திரம் ஒன்றின் சுழலி பறக்கும்போதே கழன்று 13 பேர் மாண்டனர். அவ்வினத்தையே பலரும் அஞ்சி ஒதுக்கவே அதன் மதிப்பும் வீழ்ந்தது. அயர்லாந்தில் 2013 இல் தொடங்கிய 'வேபாயிண்ட்' என்னும் குத்தகை நிறுவனம் ஐந்தே ஆண்டுகளில் திவால் ஆயிற்று. காய்ப்பற்ற புளியமரத்தை வைத்துக்கொண்டு எடுப்பாரின்றி நின்றவர் நிலை அது.

குத்தகை விடுவோருக்கு மற்றோர் அச்சம், வாடகை தராதவரிடமிருந்து யந்திரத்தை மீட்க இயலுமா என்பது. இதன்பொருட்டு 2001 இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஓர் உலக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 2008 இல் அதிற் சேர்ந்தது. எனினும் உள்நாட்டுச் சட்டம் இயற்றப்படவில்லை. அதன் பயன் 2023 மே மாதத்தில் வெளிப்பட்டது. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவாலானபோது, 54 விமானங்களை மீட்க உரிமையாளர் ஏறத்தாழ ஓராண்டு காலம் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதாயிற்று. 2025 இல்தான் நம் பாராளுமன்றம் அதற்குரிய சட்டத்தை நிறைவேற்றியது. ஹெலிகாப்டருக்கும் இச்சட்டம் பொருந்தும். அச்சம் குறையின் வாடகையும் குறையலாம் என எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

எண்ணெய்க்கு அடுத்தபடி யாத்திரை. ஜம்முப் பகுதியில் கட்ராவிலிருந்து வைஷ்ணவதேவி மலைக்கும், உத்தராகண்டத்தில் கேதாரநாதத்திற்கும் சிறு யந்திரங்கள் ஓயாது பறக்கின்றன. கேதாரநாதத்தில் கோயில் திறந்திருக்கும் சில மாதங்களே அறுவடைக்காலம். அச்சில மாதங்களில் ஆண்டின் செலவை ஈட்டவேண்டும் என்னும் அவசரம் மலைப்பனியை மதியாது. 2025 ஜூன் 15 இல் அங்கு ஒரு ஹெலிகாப்டர் வீழ்ந்து எழுவர் இறந்தனர். தேர்தற் காலத்தில் தலைவர்கள் வாடகைக்கு எடுப்பதைப்பற்றி விரித்துரைக்க வேண்டா. வாசகர் மேடையருகே எழுந்த புழுதியை நன்கு அறிவர்.

இனி நம் மலைக்கு வருவோம். 2023 மே மாதத்தில், ஜவ்வாது மலைத்தொடரைச் சார்ந்த வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு தீண்டிய கைக்குழந்தை ஒன்று, தக்க பாதையில்லாமையால் மருத்துவமனை சேருமுன் இறந்தது. உடலையும் தாய் சுமந்தே நடந்தாள். இத்தகைய இடங்களுக்கு ஹெலிகாப்டர் ஆகாதா என்று மாணவர் எம்மைக் கேட்பதுண்டு. ஆகும் என்பதற்கு உதாரணம் இலட்சத்தீவு. அங்கே நிர்வாகத்தினர் பவன் ஹன்ஸ் யந்திரங்களை ஒப்பந்தத்தில் அமர்த்திக் கடுநோயாளிகளைக் கொச்சிக்குக் கொண்டுசென்றுள்ளனர். உத்தராகண்டத்தில் ரிஷிகேசத்து எய்ம்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த 'சஞ்சீவனி' ஹெலிகாப்டர்ச் சேவை 2024 அக்டோபரில் தொடங்கியது. இரண்டிலும் காத்திருப்பின் கூலியைத் தருவது பொதுப்பணமே. நோயாளி தரமுடியாது, தருமாறு கேட்பதும் தகாது.

ஜவ்வாது மலைக்கு மட்டும் ஒரு யந்திரத்தை நிறுத்துவது வீண்செலவு. ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை, சேர்வராயன் ஆகியவற்றோடு சேர்த்து ஒன்றை ஈரக் குத்தகையில் அமர்த்தின், காத்திருப்பின் செலவு பல மலைகளுக்கும் பங்காகும். கோலார் மாவட்டத்து வேமகல்லில் எச்125 வகை ஹெலிகாப்டர்களைப் பொருத்தும் சாலை அமையும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது. யந்திரம் அருகில் கிடைப்பதால் வாடகை சிறிது தணியவும் கூடும். ஆயினும் பாம்பு இரவிலும் தீண்டும். விளக்கும் வழிகாட்டும் கருவியுமற்ற மலைச்சரிவில் இரவில் இறங்க எந்த விமானியும் துணியார். (காவலூர் வானாராய்ச்சி நிலையத்தார் தம் இருண்ட வானத்தில் விளக்கொளியை விரும்பார் என்பது வேறு செய்தி.) மழைமூட்டமும் தடையே. ஆகவே ஒவ்வொரு மலையூருக்கும் பாதையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தும் முதலில் வேண்டும். ஹெலிகாப்டருக்கென இப்போதே செய்யத்தக்கது ஒன்றுண்டு: பள்ளி விளையாட்டிடங்களிலும் சந்தைத் திடல்களிலும் கம்பியும் மரமும் குறுக்கிடாத ஓரிடத்தை அளந்து குறித்து வைத்தல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தருகே இரயிலிற் சிக்கியோருக்கு உதவ வந்த ஹெலிகாப்டர்களைப்போல, அரசாங்கத்தின் யந்திரம் எதுவும் ஒரு நாள் வர நேரின், அது இறங்க அவ்விடம் உதவும். அதற்குக் குத்தகைப் பணம் வேண்டுவதில்லை.