உங்க வீட்டுக் கடன் எந்த வருஷம் முடியுது பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க அப்பாகிட்ட, ‘ஹோம் லோனுக்கு மாசம் எவ்வளவுப்பா கட்டறோம்?’னு கேளுங்க. டக்குனு, ரூபாய் சுத்தமா பதில் வரும். அடுத்து, ‘கடைசித் தவணை எந்த வருஷம்?’னு கேளுங்க. ரசம் ஊத்திக்கிட்டிருக்கும் கரண்டி அப்படியே நின்னுச்சுன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

எங்க வீட்டுல நிக்கவே இல்லை. அப்பா கம்பீரமா ‘2036 அக்டோபர்’னு சொன்னார். தப்பான பதில்!

எங்க ஊர் திண்டுக்கல். அப்பாவுக்கு ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் வேலை. 2021 அக்டோபரில் 20 லட்சம் கடன் வாங்கி, தாத்தா விட்டுட்டுப் போன இடத்தில் வீடு கட்டினோம். வட்டி 7 சதவிகிதம், காலம் 15 வருஷம், இ.எம்.ஐ. 17,977 ரூபாய். 15 வருஷம்ங்கிறது அப்பா யோசிச்சுப் போட்ட கணக்கு. 2036-ல அவருக்கு 58. கடைசிச் சம்பளமும் கடைசித் தவணையும் ஒரே நேரத்தில் முடியும். அதுக்கப்புறம் மாடியில் ரோஜாத் தொட்டி வைக்கப்போறதா பிளான்.

அந்த நேரத்தில் வீட்டுக் கடன் வாங்கினவங்க எல்லாருமே தங்களை அதிர்ஷ்டசாலின்னு நினைச்சாங்க. காரணம், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம். மத்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி அது. 2020 மே மாசத்தில் இருந்து 4 சதவிகிதத்திலேயே படுத்துக் கிடந்தது. அப்புறம் 2022-ல் உக்ரைன் போர் வந்தது. கச்சா எண்ணெயில் இருந்து சூரியகாந்தி எண்ணெய் வரைக்கும் விலை எகிற, அந்த ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவிகிதம். மே 4-ம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காம ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்துச்சு. 2023 பிப்ரவரிக்குள் ஆறு தடவை ஏறி, 4-ல இருந்து 6.5-க்குப் போயாச்சு.

2019 அக்டோபருக்கு அப்புறம் வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் இந்த மாதிரி ஒரு வெளி அளவுகோலோட கட்டிப்போட்டவை. பெரும்பாலும் ரெப்போதான் அந்த அளவுகோல். அது அசைஞ்சா, அதிகபட்சம் மூணு மாசத்துக்குள் உங்க வட்டியும் அசையணும். எங்க 7 சதவிகிதம், 9.5 ஆனது இப்படித்தான்.

ஆனா எங்க வீட்டில் யாருமே பதறலை. ‘‘பேப்பர்ல வட்டி ஏறுது ஏறுதுன்னு போடறான். நமக்கு ஒரு ரூபா கூடப் பிடிக்கலை பாத்தியா? நம்ம பேங்க் நல்ல பேங்க்!’’னு அப்பாவுக்குப் பெருமை வேற. அந்த நல்ல வங்கியின் பேர் இங்கே வேண்டாம்.

குட்டு உடைஞ்சது என்னோட சி புரோகிராமால்!

முதல் வருஷம், இரண்டாவது செமஸ்டர், புரோகிராமிங் லேப். ‘வொயில் லூப்’ பயன்படுத்தி ஏதாவது ஒண்ணு எழுதச் சொன்னாங்க. எல்லாரும் பகா எண், ஃபிபனாச்சினு போக, நான் கொஞ்சம் சீன் போடலாம்னு வீட்டுக் கடன் கணக்கை எடுத்தேன். மீதிக் கடனுக்கு ஒரு மாச வட்டியைச் சேர், தவணையைக் கழி, கடன் பூஜ்யம் ஆகிற வரைக்கும் சுத்து... அவ்வளவுதான். வட்டி படிப்படியாத்தான் ஏறுச்சு. நான் சோம்பேறித்தனமா முதல் 18 மாசத்துக்கு 7, அதுக்கப்புறம் 9.5-னு போட்டேன். 180 மாசத்தில் முடிய வேண்டியது, 242-வது மாசத்தில் வந்து நின்னுச்சு.

புரோகிராம்தான் தப்புன்னு நினைச்சு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். மே மாச லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ கடன் ஸ்டேட்மென்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தா... முடியும் தேதி 2041 கடைசி. என் கணக்குக்கும் அதுக்கும் ஒண்ணு ரெண்டு மாசம்தான் வித்தியாசம். வங்கி தவணையைத் தொடலை. காலத்தை நீட்டிடுச்சு! அப்பாவின் 58, சத்தமே இல்லாம 63 ஆகியிருந்தது.

எப்படி இவ்வளவு நீளும்னு கேக்கறீங்களா? வட்டி ஏறுறதுக்கு முந்தின நிலைமை இது: 17,977-ல சுமார் 10,970 வட்டிக்குப் போகும், 7,000 ரூபாய் அசலில் கழியும். 9.5 ஆனதும் அதே 17,977-ல் வட்டிக்கே 14,888 போயிடும். அசலில் கழியறது 3,089 மட்டும். அதுல இருந்து அடுத்த 13 மாசம் அப்பா கட்டினது ரெண்டேகால் லட்சத்துக்கு மேல. அதனால குறைஞ்ச கடன்? வெறும் 42,000 சொச்சம்!

எங்களுக்காவது இப்படி. என் ரூம்மேட் வீட்டில் 20 வருஷக் கடன். அதே 20 லட்சம், 7 சதவிகிதத்தில் தவணை 15,506. முதல் மாசத்தில் இருந்தே 9.5-னு போட்டு ஓட்டிப் பார்த்தேன். புரோகிராம் நிக்கவே இல்லை, கம்ப்யூட்டர் ஹேங். அப்புறம்தான் புரிஞ்சது... முதல் மாச வட்டி மட்டுமே 15,833 ரூபாய். தவணையைவிட வட்டி பெரிசு. கடன் குறையறதுக்குப் பதிலா வளருது! லூப் எப்படி முடியும்? நிஜத்தில் வங்கிகள் அதுக்கு முன்னாடியே தவணையை ஏத்திடும்.

ரிசர்வ் வங்கி இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏற்கெனவே கடன் வாங்கினவங்களுக்கும் அந்த வருஷக் கடைசிக்குள் அதைச் செயல்படுத்தச் சொன்னது. வட்டி மாறும்போது தவணையை ஏத்தலாமா, காலத்தை நீட்டலாமா, ரெண்டையும் கலந்து செய்யலாமானு கடன்காரரிடம் கேக்கணும். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்பு கொடுக்கணும்னு அப்போ கட்டாயம் இருந்தது. இதுவரை கட்டின அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மிச்சம் எத்தனை தவணைனு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்மென்ட் தரணும். காலத்தை நீட்டறேன்னு கடனையே வளர விடக் கூடாது. எங்க அப்பா போனுக்கும் எஸ்.எம்.எஸ். வந்திருக்கு. கிரெடிட் கார்டு விளம்பரத்துக்கும் லாட்டரி மோசடிக்கும் நடுவுல, இங்கிலீஷில்!

அன்னிக்கு ராத்திரி கணக்கு நோட்டோட உக்காந்தோம். வட்டி ஏறினப்பவே தவணையை 20,642 ஆக்கியிருந்தா, 2036-லயே முடிஞ்சிருக்கும். மாசம் 2,665 கூடுதல், மொத்தமா சுமார் 4 லட்சத்து 32 ஆயிரம். அதைக் கட்டாம காலத்தை நீட்டினதால் கூடுதலாகப் போகப்போறது 61 தவணை... கிட்டத்தட்ட 11 லட்சம்! அப்பா எதுவும் பேசலை. 2041-ஐ மட்டும் பேனாவால் வட்டம் போட்டுக்கிட்டே இருந்தார். அம்மாதான் கேட்டாங்க: ‘‘ஏங்க, அஞ்சு வருஷம் கூடன்னா... மில்லுல வெச்சுக்குவாங்களா?’’

வெச்சுக்க மாட்டாங்க. அதுதான் பிரச்னையே.

முழு 2,665-ஐ எங்களால் தூக்க முடியலை. தம்பி ப்ளஸ் ஒன் சேர வேண்டிய வருஷம். ஆனா அப்பாவின் பைக் கடன் அப்போதான் முடிஞ்சிருந்தது. அதில் மிஞ்சினதில் 2,000. அடுத்து, அம்மா எடுத்து வெச்சிருந்த சீட்டுப் பணம். அதில் பாதி வளையலுக்கு, பாதி என் லேப்டாப்புக்குன்னு ஏற்கெனவே பங்கு பிரிச்சாச்சு. சேமிப்புக் கணக்கில் 3 சதவிகித வட்டிக்குச் சும்மா தூங்கிட்டிருந்தது. இந்தப் பக்கம் 9.5-க்குக் கடன். ‘ஒரு லட்சத்தைக் கடன்ல கட்டிடலாம்’னு முதல்ல சொன்னது நான்தான். சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷமே வருத்தப்பட்டதும் நான்தான். இன்னிக்கும் சீனியர் அக்காகிட்ட வாங்கின பழைய லேப்டாப்தான், சார்ஜரைப் பிடுங்கினா உயிர் போயிடும்! மூணு தவணைக்கான பணத்தை மட்டும் அவசரத்துக்குன்னு தொடாம வெச்சோம். அதையும் வழிச்சுக் கட்டிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தா வட்டிக்கடைக்கு ஓடுறதில் அர்த்தமில்லை இல்லையா?

2024 ஜூன் முதல் வாரம் அப்பாவும் நானும் வங்கிக்குப் போனோம். ‘‘எல்லாரும் தவணையைக் குறைக்கச் சொல்லித்தான் வருவாங்க. ஏத்தச் சொல்லி வந்திருக்கீங்களே சார்!’’னு கடன் பிரிவு அதிகாரி சிரிச்சார். வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினோம். இதுல ஒரு விஷயம் கவனிங்க. கடனில் மொத்தமா ஒரு தொகை கட்டும்போது, ‘தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்கவும்’னு தெளிவா எழுதிக் கொடுக்கணும். சும்மா விட்டா தவணையைக் குறைச்சுட்டு, காலத்தை அப்படியே வைக்கவும் வாய்ப்பிருக்கு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கின வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. அது ரிசர்வ் வங்கி விதி. தவணை ஏறினதால், கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவிலும் புதுசா கையெழுத்து.

உங்க வீட்டில் பார்க்க இன்னும் ரெண்டு சங்கதி. 2019-க்கு முந்தின வங்கிக் கடனா இருந்தா, அது பழைய அளவுகோலிலேயே இருக்கலாம். ரெப்போவுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, கொஞ்சம் கட்டணம் இருக்கும். கடன் கொடுத்தது வங்கி இல்லாம வீட்டு வசதி நிதி நிறுவனமா இருந்தா, ரெப்போவோட கட்டிப்போடணும்கிற கட்டாயம் அதுக்குக் கிடையாது. ஏறும்போது வேகமா ஏறி, இறங்கும்போது நொண்டுதான்னு கவனிக்கணும். வேற வங்கிக்கு மாத்தற எண்ணம் இருந்தா, வட்டி வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீங்க. பிராசஸிங் கட்டணம், பத்திரத்தை அடமானம் வைக்கிற பதிவுச் செலவு எல்லாத்தையும் கூட்டுங்க. இன்னும் பத்து வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தா யோசிக்கலாம். ரெண்டு மூணு வருஷம்தான்னா, அலைச்சல்தான் மிச்சம்.

‘நான் ஹாஸ்டல்ல இருக்கேன், எனக்கென்ன?’ங்கிறீங்களா? கல்விக் கடன் வாங்கியிருந்தா உங்களுக்கும் இதே கதைதான். வட்டி மானியம் இல்லாதவங்களுக்குப் படிக்கிற காலத்திலும் வட்டி சேர்ந்துக்கிட்டேதான் இருக்கு. முடிஞ்சா அந்த வட்டியை மட்டுமாவது அப்பப்போ கட்டிடுங்க. வேலை கிடைச்சு முதல் தவணை வரும்போது கடன் குண்டாகாம இருக்கும்.

எங்க கதைக்கு வர்றேன். ஒரு லட்சம், மாசம் 2,000. ரெண்டையும் போட்டுப் புரோகிராமை மறுபடி ஓட்டினேன். மொத்தம் 180 மாசம். 2036 அக்டோபர்! அப்பா நம்பலை. வங்கியில் இருந்து புது அட்டவணை வந்த பிறகுதான் சிரிச்சார்.

2025 பிப்ரவரியில் ரெப்போ இறங்க ஆரம்பிச்சது. 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5. எங்க வட்டியும் பின்னாலேயே ஒரு சதவிகிதம் இறங்குச்சு. ‘‘இப்பவாச்சும் தவணையைக் குறைச்சுக்கலாமாம்மா?’’னு அப்பா ஒரு தடவை இழுத்தார். நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா அடுக்களையில் இருந்தே குரல் கொடுத்தாங்க: ‘‘அது பாட்டுக்கு இருக்கட்டும்!’’

அதே தவணையைக் கட்டினா எப்போ முடியும்னு கணக்குப் போட்டேன். 2035 கடைசி. அப்பா ரோஜாத் தொட்டி ரெண்டு வாங்கிட்டு வந்துட்டார்.