விசைப்படகு ஏன் கரும்புகை கக்குகிறது?

வலை இழுக்கும் நேரத்தில் புகைபோக்கியில் கரும்புகை. உடனே ‘டீசல் சரியில்லை’ என்பார்கள். பல நேரம் டீசல்மேல் குற்றமில்லை. இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது.

1 லிட்டர் டீசல் முழுதாக எரிய சுமார் 12 கிலோ காற்று வேண்டும். ஏறத்தாழ 10,000 லிட்டர். அது குறைந்தால் எரியாத கரி புகையாக வெளியேறும்.

காற்று ஃபில்டரை அடைக்க நடுக்கடலில் தூசி ஏது? அது இன்ஜின் அறைக்குள்ளேயே பிறக்கிறது. தேயும் பெல்ட்டிலிருந்து கறுப்புத் துகள், கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயிலிருந்து எண்ணெய்ப் புகை, கூடவே உப்புக்காற்று. எல்லாம் சேர்ந்து ஃபில்டரில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். தப்பிப் போவது டர்போவின் இறக்கைகளிலும் ஆஃப்டர்கூலரின் மெல்லிய தகடுகளிலும் படியும். டர்போ அழுத்திய காற்று சூடாக இருக்கும்; ஆஃப்டர்கூலர் அதைக் கடல்நீரால் குளிரவைத்தால்தான் அதே இடத்தில் அதிகக் காற்று அடங்கும். தகடுகளை எண்ணெய்ப் படலம் போர்த்திவிட்டால், கடல்நீர் எவ்வளவு ஓடியும் காற்று சரியாகக் குளிராது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். காற்றடித்துச் சமாளிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை: அழுக்கு உள்ளே போகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழிசல் போதும்.

ஃபில்டரைப் பெட்ரோலால் கழுவி, ஈரத்தோடு ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய ஆபத்து. டீசல் இன்ஜினின் வேகத்தை நிர்ணயிப்பது உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவு. காற்றோடு பெட்ரோல் ஆவியும் புகுந்தால், கணக்கில் வராத எரிபொருள் அது. டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் வெறிபிடித்தாற்போல் சுழலலாம். அப்போது காற்று வழியை அடைத்தால்தான் அடங்கும்.