அறுநூறு சதுர அடிக்குள் ஒரு தறி

ஊர்ப் பணம் – 7

2022 மார்ச் 2-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பேரூராட்சி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். 4-ஆம் தேதி கூடித் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று வீடுவீடாகச் சொல்லி ஓட்டு வாங்கி வந்தவர்களின் மேசைக்கு முதலில் வந்த பெரிய காகிதம், அந்த மார்ச் மாதக் கடைசியில் பிறந்த சொத்து வரி உயர்வு ஆணை. பொன்னாடைகளை மடித்து வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அஜெண்டாவில் அது வழக்கமான அலுவலகத் தமிழில்தான் வந்தது. ஒரு பொருள், கீழே ஒரு அலுவலகக் குறிப்பு, கடைசியில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது’ என்ற வரி. பார்வைக்கு வைத்தது உண்மை. முடிவு மன்றத்தின் கையில் எவ்வளவு இருந்தது என்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் ஒன்று பொதட்டூர்பேட்டை. திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம். திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போனால் வரும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திருத்தப்படும்வரை இந்தப் பக்கமெல்லாம் சித்தூர் மாவட்டம். தமிழும் தெலுங்கும் இன்றைக்கும் ஒரே தெருவில் நடக்கும். ஊருக்குச் சோறு போடுவது தறி. அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று சுற்றியுள்ள ஊர்களுக்கும் அதே பிழைப்பு. முன்பு கைத்தறி, இப்போது பெரும்பாலும் விசைத்தறி. நூலும் பாவும் வேறொருவருடையது, நெய்து கொடுத்தால் கூலி என்பதே பலருடைய ஏற்பாடு.

இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை, சுற்றுச்சுவர், காவலாளி, ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பேருந்து. தொழில் ஓரிடம், குடித்தனம் ஓரிடம். வரி போட வருகிறவருக்குத் தலைவலி இல்லை. மேற்குக் கோடியில் உள்ள நெசவு ஊர்களில் வீடும் தொழிலும் ஒரே சுவருக்குள் கிடக்கின்றன. முன்னறையில் தறி ஓடும், அதை ஒட்டி அடுப்படி. தார் சுற்றும் இடத்தில்தான் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். இந்த வீட்டை வரிப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2022-ஆம் ஆண்டின் ஆணை கட்டம் போட்டுத்தான் பேசியது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதி நீங்கலாக, மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு உயர்வு. 601 முதல் 1,200 வரை 50. 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100. குடியிருப்பு இல்லாமல் வணிகக் கட்டிடமென்றால் 100, தொழிற்சாலைப் பயன்பாட்டுக் கட்டிடம், சுயநிதிப் பள்ளி, கல்லூரி என்றால் 75.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரையாண்டு வரி 240 ரூபாய் கட்டிவந்த ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 590 சதுர அடி. புதிய வரி 300. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இன்னொரு தறி இறக்கிய இடத்தையும் சேர்த்து அளந்தால் 640 சதுர அடி என்று வருகிறதாம். அப்போது அதே 240-க்கு உயர்வு பாதி, வரி 360. தறிக்கூடத்தைப் பார்த்துவிட்டு இது தொழிற்சாலை என்று எழுதினால் 75 விழுக்காடு, 420. நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற முன்னறையில் சேலை அடுக்கி வைத்து விற்கிறார் என்று வணிகத்தில் சேர்த்துவிட்டால் 480. வீடு ஒன்றுதான், குடும்பம் ஒன்றுதான். 300-க்கும் 480-க்கும் நடுவில் நிற்பது டேப் பிடிக்கிறவரின் கை, பதிவேட்டில் எழுதுகிறவரின் பேனா. இது எளிமைப்படுத்திய கணக்கு. பயன்பாடு மாறினால் அடிப்படை மதிப்பும் மாறும், உண்மை வித்தியாசம் இன்னும் கூடலாம்.

மின்வாரியம் இந்த விஷயத்தில் தெளிவு. வீட்டுக்கு ஒரு மீட்டர், தறிக்கு ஒரு மீட்டர். விசைத்தறிக்கென்று தனிக் கட்டண வகையே உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசமென்று 2006-ல் தொடங்கியது. 2016-ல் 750 ஆனது. 2023 மார்ச்சிலிருந்து 1,000. வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தனி. ஆக, ஓர் அரசு நிறுவனம் அந்த வீட்டைத் தறியும் வீடும் என்று பிரித்துப் பார்த்துச் சலுகை தருகிறது. இன்னோர் அரசு அமைப்பு சுவருக்குச் சுவர் டேப் வைத்து மொத்தமாக அளக்கிறது. இரண்டு காகிதங்களும் ஒரே வீட்டு ஆணியில்தான் தொங்குகின்றன.

மின் கட்டணத்தைப் பற்றிப் பேரூராட்சி மன்றம் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி கட்டணம் உயர்ந்தபோது கோவை, திருப்பூர் பக்கத்து விசைத்தறியாளர்கள் மாதக்கணக்கில் பில் கட்டாமல் போராடினார்கள். அதன் பிறகே இலவச யூனிட் கூடியதும் விசைத்தறிக்கான உயர்வு குறைந்ததும் நடந்தன. மன்றத்துக்கு இதில் இருக்கும் ஒரே உறவு வாடிக்கையாளர் உறவு. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் பேரூராட்சியே மின்வாரியத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. மின் கட்டணம் ஏறினால் நெசவாளர் அதைத் தன் மீட்டரில் ஒருமுறை கட்டுகிறார், வீட்டு வரி வழியாக இன்னொரு முறை கட்டுகிறார்.

சரி, 25, 50, 75, 100 என்ற எண்களை யார் போட்டது? மாநில அரசு. ஏன் அந்த நேரத்தில் போட்டது? அதற்கு டெல்லி வரை போக வேண்டும். என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்கு மானியம் பரிந்துரைத்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒரு நிபந்தனையும் வைத்தது. சொத்து வரிக்கு மாநிலம் ஒரு குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும். அதன் பிறகு வரி வசூல், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர்ந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மானியம் இல்லை. சிறு நகரங்களுக்கு வரும் அந்த மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்பே கட்டிப் போடப்பட்டது. மன்றம் தன் இஷ்டத்துக்குச் செலவிடக்கூடியது மீதி 40.

எனவே தீர்மானத்தை நிறைவேற்றாத மன்றம் ஊர்மக்களிடம் நல்ல பெயர் வாங்கலாம், மானியத்தை இழக்கும். இதை மிரட்டல் என்று எதிர்க்கட்சி சொன்னது, கட்டாயம் என்று ஆளுங்கட்சி சொன்னது. சொன்னவர்கள் அடிக்கடி இடம் மாறிக்கொள்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2018 ஜூலையில் அ.தி.மு.க. அரசு குடியிருப்புக்கு 50, வாடகை வீட்டுக்கும் வணிகக் கட்டிடத்துக்கும் 100 என்று உயர்த்தியபோது தி.மு.க. தெருவில் இறங்கியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 2022 ஏப்ரல் 5-ஆம் தேதி அ.தி.மு.க. தெருவில் இறங்கியது. இரண்டு கட்சிகளின் முழக்க அட்டைகளையும் மாற்றி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. என் கணிப்பில் இரண்டு உயர்வுக்கும் நியாயமும் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் எந்த நியாயமும் அநியாயமாகத்தான் தெரியும்.

நெசவு ஊர்களுக்கு வரி என்பது நேற்று வந்த விருந்தாளியும் அல்ல. பல்லவர் காலத்துச் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் தறிமேல் போட்ட இறை பேசப்படுகிறது. கும்பெனி ஆட்சியில் அது மொதர்பா என்ற பெயரில் வந்தது: தறிக்கு, கடைக்கு, கைவினைஞரின் கருவிக்கு எல்லாம் வரி. 1852-ல் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்நின்று அமைத்த சென்னை சுதேசிகள் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இந்த மொதர்பாவும் ஒரு முறையீடு. சில ஆண்டுகளில், 1860களின் தொடக்கத்தில், அந்த வரி எடுக்கப்பட்டது. அன்றைய வரியின் கொடுமை, தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும் என்பது. கூலி இல்லாத மாதத்திலும் தறி தறிதானே! இன்றைய சொத்து வரிக்கும் அந்தக் குணம் இருக்கிறது. நூல் விலை ஏறித் தறி நின்றுபோன அரையாண்டிலும் 640 சதுர அடி 640 சதுர அடியாகவே இருக்கும்.

வரி ரசீதில் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: நூலக வரி. 1948-ல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். இப்போது ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்துப் பைசா நூலகத்துக்கு. சொத்து வரி ஏறினால் இதுவும் தானாக ஏறும். ஆக, தறிக்கூடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற சண்டையில் ஊர் நூலகத்துக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. அந்தப் பணம் புத்தகமாக ஊருக்குத் திரும்பி வருகிறதா என்று கேட்கும் உறுப்பினர்கள் அபூர்வம்.

சலுகையும் உண்டு. ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் அரையாண்டு வரியைக் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். பெரிய கல்யாண மண்டபத்துக்காரருக்கு இது நல்ல தொகை. 360 ரூபாய் கட்டும் நெசவாளருக்கு மிஞ்சுவது 18 ரூபாய். வரிசையில் நிற்கும் நேரத்தில் இரண்டு முழம் நெய்துவிடலாம் என்று அவர் நினைத்தால் குறை சொல்ல முடியாது. தாமதித்தால் மாதம் ஒரு விழுக்காடு அபராதம்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் வயது 1998. விதிகள் வர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. புதிய ஏற்பாட்டில் சொத்து வரி ஆண்டுதோறும் 6 விழுக்காடு அல்லது மாநிலப் பொருளாதாரத்தின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏறும். மின் கட்டணமும் ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏறுகிறது. ஒரேயடியாக ஏறும் அதிர்ச்சி இதனால் குறையும், நல்லதுதான். ஆனால் வருடாவருடம் மன்றத்தில் நின்று ‘ஏன் ஏற்றுகிறீர்கள்’ என்று கேட்கும் வாய்ப்பும் குறைந்துபோகிறது. கேட்டால், சூத்திரம் ஏற்றியது என்பார்கள்.

அப்படியானால் மன்றத்தில் மிச்சம் இருப்பது என்ன? நிறையவே இருக்கிறது, அது தலைப்புச் செய்தி ஆகாது. எந்தத் தெரு எந்த மண்டலம், சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு என்ன என்பவை மன்றத்தின் முன்னால் வந்தே ஆக வேண்டிய விஷயங்கள். பேருந்து நிற்கும் கடைவீதியும், மழைக்குச் சேறாகும் தறித்தெருவும் ஒரே மண்டலத்தில் இருந்தால் கேட்க வேண்டிய இடம் அதுதான். கூலிக்கு நெய்கிற வீட்டுத் தறி குடியிருப்பின் பகுதியா, தொழிற்சாலையா என்று ஊருக்கே பொருந்தும்படி ஒரு தீர்மானம் எழுதி அரசுக்கு அனுப்பலாம். மன்றம் அப்படி எழுதாத ஊரில் அந்த முடிவை வரி வசூலிக்க வரும் பில் கலெக்டர் வீட்டுக்கு வீடு வாசலில் எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்கு ஒரு மாதிரி, எதிர் வீட்டுக்கு ஒரு மாதிரி. வெளிநடப்பு செய்தால் பத்திரிகையில் படம் வரும். மண்டலப் பட்டியலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தால் படம் வராது, ஆனால் சில நூறு வீடுகளின் 60 ரூபாயும் 120 ரூபாயும் அங்கேதான் இருக்கின்றன.

வரிக்கு அடுத்த வரிசையில் நிற்பது குடிநீர்க் கட்டணம். அதில் இந்தப் பகுதிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஓடும் கொசஸ்தலையாறு பூண்டியில் போய்த் தேங்கிச் சென்னையின் குழாய்களுக்குப் போகிறது. 1939-ல் சென்னை மேயரான சத்தியமூர்த்தி பிடிவாதமாக நின்று தொடங்கிவைத்த நீர்த்தேக்கம் அது. 1944-ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒரு நகரசபை தன் குழாய்த் தண்ணீருக்காக எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிய வேலை. அந்த ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் சின்ன ஊர்கள் தங்கள் தண்ணீருக்கு என்ன விலை வைக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)