டீக்காசு வேறு, கமிஷன் வேறு

பருத்தி, மல்லி, மிளகாய் என்று மழையை நம்பி விதைக்கிற கரிசல் காடு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெள்ளாமை வீடு சேர்ந்துவிட்டால் அடுத்த மழைவரை காட்டில் வேலை குறைவு. பொங்கல், தீபாவளி விடுமுறையில் வெளியூர் போனவர்களும் திரும்பி வருவார்கள். அப்போது பாளையம்பட்டி போன்ற ஊர்களில் ஒரு வீட்டு மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பிரிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரம்மியோ, மங்காத்தாவோ, கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவந்த போக்கரோ, எதுவானாலும் வீடு கொடுத்தவருக்குச் செலவு உண்டு. அந்தச் செலவை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் தலைக்கு இவ்வளவு என்று வாங்க வேண்டும். ஆட்டத்துப் பணத்தில் கை வைக்கவே கூடாது. சில்லறை விவகாரமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில்தான் வீடு வீடாக இருப்பதும் சூதாட்ட விடுதியாக மாறுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்காரரையும் சேர்த்து ஆறு பேர், மாலை ஆறு மணி முதல் பதினொன்று வரை ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டு சீட்டு, இரண்டு தடவை டீ, சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் ஆகட்டும். டீக்காசாகத் தலைக்கு 50 ரூபாய் போட்டால் தீர்ந்தது. இதையே ஆட்டத்துக்கு 5 ரூபாய் கமிஷன் என்று ஜெயித்தவர் பணத்தில் பிடித்தால் என்ன ஆகும்? மணிக்கு 20 ஆட்டம் வீதம் ஐந்து மணி நேரத்தில் 100 ஆட்டம். பிடித்தது 500 ரூபாய். ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 1,200 ரூபாயோடு தொடங்கிய கூட்டத்தில் கடைசியில் சுற்றுவது 700 ரூபாய்தான். வெற்றியும் தோல்வியும் சரிசமமாக அமைந்தவர்கூட 83 ரூபாய் இழந்து வீடு திரும்புவார். செலவு போக 200 ரூபாய் வீட்டுக்காரர் கையில் நிற்கிறது. ஆட்டம் விடியும்வரை நீண்டால் அவருக்கு வருவது இன்னும் கூடும், மற்ற எல்லோருக்கும் குறையும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம். தலைக்கு 50 ரூபாய் வாங்கியவருக்கு ஆட்டம் எப்போது முடிந்தாலும் ஒன்றுதான். சீக்கிரம் முடிந்தால் தூக்கம் மிச்சம். ஆட்டத்துக்கு ஆட்டம் பிடிப்பவருக்கோ நேரம் நீள்வதில் ஆதாயம். கையில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு எழுந்திருக்கிறவரைப் பார்த்து, ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்ல வேண்டிய நண்பர் அவர். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்தா, நான் தருகிறேன், இன்னும் ரெண்டு ஆட்டம் பார்’ என்று கடன் நீட்ட அவருக்குக் காரணம் பிறந்துவிடுகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பணம் வரும் வழியே அவரை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறது. 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், வீட்டையோ சீட்டு முதலிய சாதனங்களையோ பயன்படுத்தக் கட்டணம் வாங்கியோ வேறு எந்த வழியிலோ வீட்டுக்காரர் லாபம் பார்த்தால் அதைப் பொதுச் சூதாட்ட விடுதி என்கிறது. செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் சொன்ன தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்குகிறது. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது, மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றது நீதிமன்றம். அந்த கிளப் ஆட்டத்துக்கு ஐந்து பாயின்ட் வசூலித்ததையும், சீட்டும் வசதிகளும் தருகிற கிளப்புக்கு வழக்கமான கட்டணமாகவே எடுத்துக்கொண்டது. அதே தீர்ப்பில், பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டுக்காரரோ கிளப்போ லாபம் பார்த்தது நிரூபணமானால் ரம்மியானாலும் குற்றமாகும் என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் பணம் வைத்து ரம்மி ஆட விடும் மன்றங்கள் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றது. அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று ஏற்றது. ஆகவே டீக்காசை ஒழுங்காக வாங்கிவிட்டால் போலீஸ் பயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. லாபம் என்ற சொல் மட்டும் எல்லா இடத்திலும் நடுவில் நிற்கிறது.

‘ஐந்து பாயின்ட் சரி என்றால் ஐந்து ரூபாய் ஏன் தவறு?’ என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பில் வசூலான பணம் கிளப் கணக்குக்குப் போகிறது. அதைக் கேட்கப் பொதுக்குழு இருக்கிறது. வீட்டில் பிடிக்கும் பணம் வீட்டுக்காரர் சட்டைப்பைக்குப் போகிறது, கேட்பார் இல்லை. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. தனிவீட்டு ஆட்டத்தில் பங்கேற்கக் கட்டணமே கூடாது; அதை எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, பந்தயப் பணத்தில் பிடித்தாலும் அது கட்டணம்தான் என்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில், தனி இடத்தில், எல்லோருக்கும் சம வாய்ப்போடு ஆடி, தான் ஜெயித்ததைத் தவிர யாரும் பொருளாதார ஆதாயம் அடையாமல் இருந்தால்தான் வீட்டு ஆட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. அவ்வளவு தூரம் போய் டீக்காசையே தடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆட்டப் பணத்தில் பிடிப்பதை பிரிட்டன் சட்டம் தனியே குறிப்பிட்டு அடைத்தது சரியான முடிவு.

ஜெயித்தவர்தானே கொடுக்கிறார், அவருக்கு வலிக்காதே என்பது அடுத்த வாதம். ஓர் ஆட்டத்தில் ஜெயித்தவர் அன்றைய இரவில் ஜெயித்தவர் ஆகிவிட மாட்டார். வலிக்காமல் எடுப்பதுதான் இந்த முறையின் ஆபத்தும்கூட. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் பல வருடம் பிழைத்தது இதே வழியில்தான். அவை யாரோடும் ஆடவில்லை. மேஜைக்கு மேஜை கொஞ்சம் எடுத்துக்கொண்டன, அவ்வளவே. அந்தக் கொஞ்சத்தில் எத்தனை குடும்பம் நொடித்தது என்பதைப் பார்த்துத்தான் தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து 2022இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடுத்தது.

இவ்வளவு தெரிந்தும் நல்ல மனிதர்கள் கமிஷன் பக்கம் சாய ஒரு காரணம் இருக்கிறது, அது கூச்சம். வீட்டுக்கு வந்தவரிடம் டீக்காசு கேட்பதா என்று நம் ஊரில் நாக்கு எழாது. கேட்க முடியாததை ஆட்டத்துக்குள் ஒளித்து எடுக்கத் தோன்றுகிறது. கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கேட்க இதே ஊரில் யாரும் கூசுவதில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை, முன்கூட்டியே வசூல், கடைசியில் கணக்கு வாசிப்பு. சீட்டு ஆட்டத்துக்கும் அதே முறை பொருந்தும். வெட்கப்பட வேண்டியது ஒளித்து எடுப்பதற்கு.

கணக்கில் வராத செலவு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் டீ போடுவதும் மறுநாள் டம்ளர் கழுவுவதும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். ‘எங்க வீட்டம்மா உழைப்புக்குக் கமிஷன் வேண்டாமா?’ என்று கேட்பவர்கள், பிடித்த பணம் அவர் கைக்குப் போகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உழைப்பை மதிக்கும் வழிகள் எளியவை. டீயைக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் வாங்கி வரலாம். வீட்டில் சமைத்தால் அதற்கான பணத்தைத் தலைவரியில் சேர்த்து அவரிடமே கொடுக்கலாம். ஆட்டம் முடியும் நேரத்தை முதலிலேயே அவரைக் கேட்டு முடிவு செய்யலாம். ஒரே வீட்டில் பாரம் விழாமல் முறைவைத்து ஆளுக்கொரு வீடு மாறினால் பாதிச் சிக்கல் எழாது. வசூலில் மிச்சம் விழுந்தால் அன்றே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், அல்லது எல்லோரும் பார்க்க எழுதிவைத்து அடுத்த தடவை சீட்டுக்கட்டு வாங்கப் பயன்படுத்த வேண்டும்.