பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது?



உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி நமது ஆஸ்பத்திரியின் ஆலோசனை ஊழியத்துக்கும் செல்லுகிறது. ஆகையால் அங்கே பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு காரியத்தை நீங்களும் அறிந்திருக்கவேண்டும். "ஐயா, ஆறு வயதுப் பையன், தான் பொம்பளைப் பிள்ளை என்று சாதிக்கிறான். என்ன செய்வது?"

பாவாடையும் பொம்மையும் விரும்புகிற பையன்கள் அநேகர். அது மட்டும் அடையாளமல்ல. ஆண்டுக்கணக்காய் மாறாமல், அழுது மன்றாடிச் சொல்லும் பிள்ளைகள் வெகு சிலரே. பருவமடையுமுன் இவர்களுக்கு மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை. இதைச் சொன்னவுடனே தாய்மார் பெருமூச்சு விடுகிறார்கள். செய்யக்கூடியது தலைமுடி, உடை, பெயர், கூப்பிடும் விதம் ஆகியவற்றை மாற்றுவதே. வேண்டுமானால் இவற்றைத் திரும்பவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் தமிழில் கூப்பிடும் விதம் லேசான காரியமல்ல. 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்; 'வாடா', 'வாடி' வேறு. 'கண்ணு', 'செல்லம்', 'பிள்ளை சாப்பிட்டதா' என்பவை எல்லாருக்கும் பொது. முடிவெடுக்கத் தடுமாறும் வீட்டுக்கு இச்சொற்கள் அவகாசம் தருகின்றன.

மருத்துவர்களும் ஒரே மனதாயில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர் 317 பிள்ளைகளைப் பற்றி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மாறி வாழத் தொடங்கிச் சுமார் 5 ஆண்டுகளுக்குப் பின்னும் 94 சதவீதம் பேர் தங்களைத் திருநங்கை, திருநம்பி என்றே சொன்னார்கள். இங்கிலாந்தில் 2024-ல் வந்த காஸ் அறிக்கையோ, பருவத்துக்கு முன் மிகுந்த நிதானம் தேவை, தேர்ந்த மருத்துவரைச் சீக்கிரமாய்ப் பார்க்கவேண்டும் என்றது.

ஆகவே நாங்கள் பெற்றோரைத் துரிதப்படுத்துவதுமில்லை, தடுப்பதுமில்லை. அடிப்பதையும் பேயோட்டக் கொண்டுபோவதையும் மட்டும் கண்டிப்பாய் நிறுத்தச் சொல்லுகிறோம். 'மாற்றிக் குணமாக்கும்' வைத்திய முயற்சிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் தடைசெய்தது. அடிக்குப் பயந்து சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடின திருநங்கைகளை நம் ஊர்களில் அறியாதவர் யார்?

சபையிலும் ஒரு நெருக்கடி உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் ஆண்பிள்ளைகள் ஒருபுறம், பெண்பிள்ளைகள் மறுபுறம். இந்தப் பிள்ளை எங்கே உட்காரும்? ஏசாயா 56-ஐயும், அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பிய மந்திரியையும் பெற்றோரோடு வாசிப்பதுண்டு. அண்ணகரும் இப்பிள்ளைகளும் ஒன்றல்ல. ஆகிலும் ஆலய வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை அவ்வதிகாரங்கள் பேசுகின்றன.

ஜெபக்குறிப்புப் பக்கத்தில் இப்பிள்ளைகளின் பெயர்களை அச்சிடுவதில்லை. ஊரார் கேள்விகளுக்கு முகங்கொடுக்கும் தாய் தகப்பன்மாருக்காகப் பெயர் அறியாமலே ஜெபியுங்கள்.

கர்த்தரின் பணியில்,
ஆஸ்பத்திரி குருவானவர்