கைராசி யாருக்கு?

ராசி என்ற வடசொல்லுக்குக் குவியல், தொகுதி என்பதே பழைய பொருள். வான்வட்டத்தை 30 பாகை வீதம் 12 கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஒரு விண்மீன் கூட்டத்தோடு சேர்த்து ராசி என்றார்கள். பிறந்த ராசிக்கு நல்லது கெட்டது பார்த்துப் பார்த்து, பேச்சு வழக்கில் நல்லதற்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

 அதிர்ஷ்டமும் யோகமும் உடையவரோடு நின்றுவிடும். பரிசுச் சீட்டு விழுந்தால் அதிர்ஷ்டம் சீட்டு வாங்கியவருக்குத்தான். கைராசி அப்படியல்ல. கைராசியான டாக்டர் ஊசி போட்டால் காய்ச்சல் விடுவது நோயாளிக்கு. கைராசிக்காரர் முதல் விதை தூவினால் விளைச்சல் நிலத்துக்காரருக்கு. ஒருவர் கையில் இருந்து இன்னொருவருக்குப் பலிப்பது இது. நல்வாய்ப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் இவ்வளவு பெருந்தன்மையானது வேறில்லை.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முதல் போணிக்கு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப வியாபாரிக்கு மனம் வராது. விலையைக் கொஞ்சம் இறக்கியாவது மல்லியை நிறுத்துக் கொடுப்பார். வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றி, தராசைத் தொட்டு, பிறகுதான் கல்லாவில் போடுவார். அன்று வியாபாரம் ஓடினால் அந்த முதல் ஆள் “ராசியான ஆளு”. மரக்கால் புழங்கிய காலத்தில் நெற்களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை “ஒண்ணு” என்று எண்ணமாட்டார். “லாபம்” என்று சொல்லித்தான் “ரெண்டு”க்குப் போவார்.

இன்னொரு ராசியும் உண்டு. “ரெண்டு வீட்டுக்காரங்களும் ராசியாயிட்டாங்க” என்பதில் குவியலும் இல்லை, கிரகமும் இல்லை. அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்த ராஸி அது, பொருள் சம்மதம். 1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்து சந்தா சாகிபும், பின்னர் யூசுப் கானும், கும்பினியாரும் வந்த காலத்தில், வக்கீல், ஜாமீன், அமீனா போன்ற கச்சேரிச் சொற்கள் இங்கே வேரூன்றின. வழக்காடியவர்கள் சமாதானமாகி எழுதித் தந்த பத்திரம் ராஜிநாமா. பம்பாய் மாகாணத்தில் உழவர் தம் நிலத்தைத் தாமே விட்டுக்கொடுத்து எழுதிய தாளுக்கும் அதே பெயர். மனமொப்பி விட்டுவிடுவது என்ற அந்தப் பொருள் நீண்டுதான், இன்று அமைச்சர் பதவி விலகினால் ராஜினாமா என்கிறோம். வானத்திலிருந்து வந்த ராசியும் கச்சேரியிலிருந்து வந்த ராசியும் தமிழில் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்தன. “அவங்களுக்குள்ள ராசியில்ல” என்று ஒருவர் சொன்னால் எது அது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

இச்சொல் கொடுமையும் செய்யும். “மருமக வந்த ராசி, வீடு கட்டிட்டாங்க” என்று சொல்லும் அதே வாய், கடை நொடித்தாலும் கணவன் இறந்தாலும் அவளையே “ராசியில்லாதவ” என்றுவிடும். கடன் வாங்கியவர் பெயரோ, நோயின் பெயரோ அங்கே அடிபடாது. கைம்பெண்ணை நல்ல காரியத்தில் ஒதுக்கி நிறுத்த இந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது; இன்னும் பல வீடுகளில் போதுமாகவே இருக்கிறது. பலனைப் பிறருக்குத் தரும் சொல் என்பதாலேயே பழியையும் பிறர் மேல் போட வசதியாகிவிட்டது. இந்தப் பயன்பாடு வழக்கொழிய வேண்டும்.